அணைக்க முடியாத போனை அடக்குவது எப்படி

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் இருப்பவரிடம் "ராத்திரி போனை அணைத்துவிட்டுப் படுங்கள்" என்று சொல்லிப் பயனில்லை. வீட்டில் ஒருவர் கடலில் இருப்பார், இன்னொருவர் துபாயில் இருப்பார். அழைப்பு வந்தால் எடுத்தே ஆகவேண்டும். ஆனால் மகன் அனுப்பும் செய்திக்கும் காலை வணக்கப் படத்துக்கும் ஒரே 'டிங்' என்றால், எல்லாவற்றுக்கும் திடுக்கிட வேண்டியிருக்கிறது. அலுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கணக்குப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், டிஜிட்டல் வெல்பீயிங், டாஷ்போர்டு என்று போய், திரை நேரத்துக்குப் பதில் நோட்டிஃபிகேஷன் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுங்கள். மேலே நிற்கும் இரண்டு மூன்று செயலிகளைக் கவனித்தால் போதும். பெரும்பாலும் முதலிடம் வாட்ஸ்அப்புக்குத்தான்.

வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு குரூப்பையும் அழுத்திப் பிடித்து மியூட் செய்யுங்கள். 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று மூன்று கேட்கும். முதல் இரண்டும் தீர்ந்ததும் சத்தம் திரும்பிவிடும், 'எப்போதும்' என்பதையே தொடுங்கள். கல்யாணக் குரூப், பழைய பள்ளிக் குரூப் போன்றவற்றை ஆர்க்கைவில் தள்ளலாம். புதுச் செய்தி வந்ததும் அவை மறுபடி மேலே ஏறினால், சாட் செட்டிங்ஸில் ஆர்க்கைவில் வைத்தவற்றை அங்கேயே வைக்கும் பொத்தான் அணைந்திருக்கிறது என்று பொருள். ஸ்டோரேஜ் பகுதியில் தானாகப் படம், வீடியோ இறங்குவதையும் நிறுத்துங்கள்.

இதைவிடப் பெரிய பலன் குரூப் அட்மின் கையில் இருக்கிறது. படகுச் சங்கமோ ஜமாத்தோ, அறிவிப்புக்கு ஒரு குரூப், பேச்சுக்கு ஒரு குரூப் என்று பிரித்து, அறிவிப்புக் குரூப்பில் அட்மின் மட்டும் எழுதும்படி வைக்கவேண்டும். கடலுக்குப் போக டோக்கன் உண்டா, காற்று எச்சரிக்கை இருக்கிறதா, ஏலம் எத்தனை மணிக்கு என்பது மட்டும் அதில் வரட்டும். அந்த ஒன்றை மட்டும் மியூட் செய்யாமல் வைத்து, தனி ஒலி கொடுங்கள். ஒரே குரூப்பில் இரண்டும் கலந்தால், நூறு 'நன்றி'க்கு நடுவே எச்சரிக்கை புதைந்துபோகும். விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் இப்படிப் பிரித்துவைக்க நல்ல நேரம். பேச்சுக் குரூப் அப்போதுதான் பொங்கி வழியும்.

இரவுக்கு, போனின் ஒலியை அடக்கிவைக்கும் டூ நாட் டிஸ்டர்ப். 10 முதல் 5 வரை தானாக இயங்கும்படி நேரம் குறித்து, விலக்குப் பட்டியலில் நட்சத்திரம் இட்ட தொடர்புகளை மட்டும் சேருங்கள்: கடலில் இருப்பவர், கரையில் அவருக்குத் துணை நிற்பவர், வளைகுடாவில் இருக்கும் பிள்ளை. ஐந்தாறு பேர் போதும். ஒருவரே 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் ஒலிக்கும் வசதியையும் இயக்குங்கள், பட்டியலில் இல்லாதவரின் அவசரத்துக்கு அது உதவும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. துபாயிலிருந்து வரும் அழைப்பு பெரும்பாலும் போட்டிம் என்ற இணைய அழைப்புச் செயலி வழியாக வரும். தொடர்புப் பட்டியலில் நட்சத்திரம் இட்டாலும் சில போன்களில் அது மௌனமாகிவிடும். அந்தச் செயலியைத் தனியாக விலக்கில் சேர்த்து, அங்கிருந்து ஒருமுறை அழைக்கச் சொல்லிச் சோதியுங்கள். நேரமும் பேசிவையுங்கள். துபாயில் இரவு 8 என்றால் இங்கே 9.30. சவூதி, கத்தார், குவைத்தில் 8 என்றால் இங்கே 10.30 ஆகிவிடும், அவர்களை ஒரு மணி நேரம் முன்னதாக அழைக்கச் சொல்லுங்கள்.

அரசு அனுப்பும் அவசர எச்சரிக்கை ஒலியை மட்டும் எரிச்சலில் அணைத்துவிடாதீர்கள்.

புயல் பற்றிய ஃபார்வர்டில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பலமுறை கைமாறியது. பாம்பனில் கூண்டு ஏற்றிய பழைய படம் ஒவ்வோர் ஆண்டும் சுற்றும் (அடைமழைக் காலத்தில் கேட்கவே வேண்டாம்). தேதி இல்லாவிட்டால் பகிராமல், வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை முன்னறிவிப்பையும் பாருங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போதும்.

விளம்பரக் குறுஞ்செய்திகளை நிறுத்த 1909-க்கு அழைத்துப் பதியலாம். வங்கிச் செய்தி அதனால் நிற்காது.

இவ்வளவு செய்தும் தூக்கம் வராமல், படபடப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காரணம் போனோடு நிற்கவில்லை. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மனஸ்) இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணையும் தொடர்பில் பதிந்துகொள்ளுங்கள். அவர்கள் திரும்ப அழைக்கும் எண் வேறாக இருக்கலாம் என்பதால், அன்று மட்டும் டூ நாட் டிஸ்டர்ப்பை அணைத்துவையுங்கள்.