ராமநாதபுரம் கரையோரத்தில் பெரிய தக்காளி வளர்ப்பது

நாட்டுத் தக்காளியைக் குறுக்கே வெட்டினால் நாலைந்து அறைகள் தெரியும். விதையும் சாறும் அதற்குள்தான். பெரிய ரகங்களில் பூவின் சூலகத்திலேயே அறைகள் பெருகிவிடும். ஒவ்வொரு அறையும் சிறுத்து, சதை தடித்து, பழம் தட்டையாக மடிப்பு மடிப்பாக வரும். ரசத்துக்கு இது ஆகாது, புளிப்பு போதாது. வட்டமாக நறுக்கி உப்பும் மிளகும் தூவித் தின்ன இதற்கு ஈடில்லை.

பிராண்டிவைன், செரோக்கி பர்ப்பிள், மார்ட்கேஜ் லிஃப்டர் எல்லாம் அமெரிக்கப் பழைய ரகங்கள். சுவையில் பிராண்டிவைன் பேர்போனது. வெக்கையில் முதலில் தோற்பதும் அதுதான். புதிதாகத் தொடங்குபவர்கள் பிக் பீஃப் என்ற வீரிய ஒட்டு (கலப்பின) ரகத்தை வைப்பது நல்லது. அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் அதே பழம் வராது.

இரவு வெப்பம் 21 டிகிரியைத் தாண்டினால் காய்ப்பு குறையத் தொடங்கும். நம் கரையில் மார்கழி, தையில்கூட அதற்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே செடி அந்த இரண்டு மாதத்தில் பூக்கும்படி கணக்குப் போட வேண்டும்: அக்டோபர் முதல் வாரம் குழித்தட்டில் விதைப்பு, 25 முதல் 30 நாளில் நடவு. நாற்றுக்கு மழைக்கூரையும் வெள்ளை ஈ புகாத வலையும் கட்டாயம். பழைய ரகங்களுக்கு, வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை வைரஸைத் தாங்கும் சக்தி கிடையாது. வந்த செடியைப் பிடுங்கி எறிவதைத் தவிர வழியில்லை.

அடுத்தது தண்ணீர். இங்கே பலரும் தோற்பது இதில்தான். தண்ணீரின் உப்பு மண்ணில் சேர்ந்து, அதன் ஈசி (உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் அளவு) 2.5 dS/m-க்கு மேல் போனால் விளைச்சல் இறங்கும், பழம் சிறுக்கும். பழம் இனிப்பது உண்மைதான், ஆனால் நமக்கு வேண்டியது பெரிய பழம். உப்புநீர்க் கிணற்றை நம்பாமல் மழைநீரைப் பிடித்து வையுங்கள்: 10 சதுர மீட்டர் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் சுமார் 1,000 லிட்டர். காய்க்கும் செடிக்கு நாளுக்கு 2 லிட்டர் என்றால், எட்டுச் செடிக்கு இரண்டு மாதம் தாங்கும்.

40 லிட்டர் பையில் செம்மண் இரண்டு பங்கு, மட்கிய தொழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள், அதிலும் உப்பு இருக்கும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். 50 கிராம் ஜிப்சம் கலந்துவிடுங்கள். பழத்தின் அடி கறுத்து அழுகுவது சுண்ணாம்புச் சத்து பழம்வரை போய்ச் சேராததால். உப்புநீரும், ஒருநாள் காயவிட்டு மறுநாள் கொட்டுவதும் அதை மோசமாக்கும். அதே தாறுமாறான பாய்ச்சல்தான் தோல் வெடிக்கவும் காரணம்.

ஆறடி வேலிக்கருவைக் கம்பு நட்டு, பழைய வேட்டிக் கிழிசலால் தளர்வாகக் கட்டுங்கள். இரண்டு தண்டு போதும், மற்ற பக்கத்துளிர்களைக் கிள்ளுங்கள். ஒற்றைத் தண்டாக விட்டால் நிழல் குறைந்து காய் வெயிலில் வெந்துபோகும். பாக் நீரிணைப் பக்கம் வாடைக்காற்று உப்பைக் கொண்டுவரும். வடகிழக்கில் பனை ஓலைத் தட்டி வையுங்கள்.

கடலோர ஈரக்காற்றில் மகரந்தம் கட்டிக்கொள்ளும். காலை 8 முதல் 10 மணிக்குள் பூங்கொத்தை விரலால் தட்டிவிடுங்கள். கொத்துக்கு இரண்டு காய் விட்டு மீதியைக் கிள்ளுங்கள். பிப்ரவரி நடுவில் நுனியையும் கிள்ளிவிடலாம். அதற்குப்பின் வரும் பூ உதிரத்தான் போகிறது. அடிப்பக்கம் நிறம் மாறியதும் பறித்து வீட்டுக்குள் பழுக்க வைத்தால் வெடிப்பும் அணில் தொல்லையும் இருக்காது.