பாலிமர் க்ளே நகை: பெயரில்தான் மண் இருக்கிறது

ஆசையாகச் செய்த தோட்டின் ஓரம் மூன்றாம் நாளே பட்டென்று உடைந்தால், முதலில் க்ளேயின் தரத்தைத்தான் திட்டத் தோன்றும். நானும் திட்டியிருக்கிறேன். பெரும்பாலும் தவறு ஓவனில் நடந்திருக்கும். அதற்குக் காரணம், கையில் இருப்பது மண் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது.

பாலிமர் க்ளேயில் மண் பெயருக்குக்கூடக் கிடையாது. பிவிசி என்னும் பிளாஸ்டிக்கின் நுண்துகள்கள், அவற்றை இளக்கமாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவம், நிறமி ஆகியவைதான் முக்கியமான சேர்மானங்கள். தண்ணீர் இல்லாததால் இது காய்ந்து இறுகுவதில்லை. சூடு ஏறும்போது துகள்கள் அந்தத் திரவத்தை உறிஞ்சி, இளகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. காற்றில் காய்ந்து கெட்டியாகும் க்ளே வேறு சரக்கு. அதற்குச் சொன்ன குறிப்புகளை இதற்குப் பயன்படுத்தி, வெயிலில் ஒரு வாரம் வைத்துவிட்டு ஏன் இறுகவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. வெயில் பட்டால் மேற்புறம் அரைகுறையாக விறைத்து, பிசையவும் வராது, நகையாகவும் ஆகாது.

ஓவனுக்கு வருவோம். கருகிவிடுமோ என்ற பயத்தில் சூட்டைக் குறைப்பது, பத்தே நிமிடத்தில் வெளியே எடுப்பது: உடைந்த தோடுகளில் பாதிக்கு மேல் இந்தப் பயத்தின் பிள்ளைகள் என்றே சொல்வேன். தொட்டால் கெட்டியாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். உள்ளே துகள்கள் முழுதாக ஒட்டாத துண்டும் தொட்டால் கெட்டியாகத்தான் தெரியும். வளைத்தால் பிஸ்கட் போல முறியும். சரியாக வெந்த மெல்லிய துண்டு ஆறியபின் சற்று வளைந்து கொடுத்துத் திரும்ப நிமிரும். ஒவ்வொரு முறையும் ஒரு கழிவுத் துண்டை நகையோடு சேர்த்து வேகவைத்து இப்படிச் சோதித்துவிடுங்கள்.

வெப்பநிலை பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ஃபீமோவுக்கு 110 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். ஸ்கல்ப்பி பிரீமோவுக்கு 130 டிகிரி, ஒவ்வொரு 6 மில்லிமீட்டர் தடிமனுக்கும் 30 நிமிடம். இரண்டையும் ஒரே நகையில் கலப்பதாக இருந்தால் முதலில் சிறு துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓவனின் திருகில் 130 என்று இருப்பதை மட்டும் நம்பக் கூடாது; சின்ன ஓவன்களில் உண்மையான சூடு 20 டிகிரி கூடக் குறைய இருப்பது சகஜம். உள்ளே வைக்கும் தனி தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினால், விலை உயர்ந்த க்ளே வாங்குவதைவிட அதிகம் பலன் தரும். ஓவன் சூடேறியபின் நகையை வையுங்கள். மேலே அலுமினியத் தாளைக் கூடாரம் போல மூடினால், வெள்ளையும் வெளிர் நிறங்களும் பழுப்பாகாமல் தப்பும்.

நேரம் கூடினால் பெரிதாகக் கெடுதல் இல்லை, சூடு கூடினால்தான் ஆபத்து. சுமார் 175 டிகிரியைத் தாண்டினால் பிவிசி சிதையத் தொடங்கி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும். கண்ணும் தொண்டையும் எரியும். புகையோ காரமான நெடியோ வந்தால் ஓவனை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு அறையைவிட்டு வெளியேறுங்கள். மைக்ரோவேவில் வைப்பது வேண்டவே வேண்டாம். க்ளேவுக்கு எடுத்த கத்தி, தட்டு, உருட்டுக்கட்டை எதுவும் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது.

பிசைவதில் சோம்பல் அடுத்த தவறு. பாக்கெட்டிலிருந்து எடுத்த க்ளே மிருதுவாக இருந்தாலும் இரண்டு மூன்று நிமிடம் பிசைந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஓரங்களில் விரிசல் விடும். க்ளேயை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தகடாக்கும் பாஸ்தா மெஷினில் தேய்ப்பவர்கள் மடித்த பக்கம் முதலில் உருளைக்குள் போகும்படி வையுங்கள். திறந்த பக்கம் முதலில் போனால் மடிப்புக்குள் காற்று சிக்கி, வெந்தபின் கொப்புளமாக எழும். கையில் ஒட்டும் அளவுக்குக் க்ளே இளகியிருந்தால் வெள்ளைத் தாள்கள் இரண்டுக்கு நடுவே சில மணி நேரம் வையுங்கள். தாள் மிகுதி எண்ணெயை இழுத்துக்கொள்ளும்.

வெள்ளைக் க்ளேயில் தூசு படிவது தனிக் கொடுமை. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வெள்ளைத் தோடு செய்ய உட்காராதீர்கள். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடியுங்கள், இடையிடையே ஈரத் துடைதாளால் கையைத் துடையுங்கள். பளபளக்கும் பீங்கான் ஓட்டின் (டைல்) மேல் நேராக வைத்து வேகவைத்தால் அடிப்பக்கம் திட்டுத் திட்டாக மினுங்கும். நடுவே ஒரு வெள்ளைத் தாளை விரித்தால் போதும்.

தோட்டின் தண்டு கழன்று விழுவதுதான் அணிபவர் முதலில் சொல்லும் குறை. வழவழப்பான பின்புறத்தில் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டு ஒட்டினால், ஒரு தட்டில் பெயர்ந்துவிடும். வெந்த துண்டின் பின்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். தண்டின் வட்டத் தகட்டைத் திரவ க்ளே (குழம்பு போன்ற பாலிமர் க்ளே) தடவிப் பொருத்தி, அதன்மேல் மெல்லிய க்ளே வில்லை ஒன்றைப் போர்த்தி மறுபடி வேகவையுங்கள். இரண்டாம் முறை வேகவைத்தால் கெட்டுவிடும் என்று தயங்க வேண்டாம். வெப்பநிலை சரியாக இருக்கும்வரை எத்தனை முறையும் வேகவைக்கலாம். நிக்கல் கலந்த தண்டு பலருக்குக் காதில் அரிப்பைக் கொண்டுவரும் என்பதால், விற்பதாக இருந்தால் நிக்கல் இல்லாததையே வாங்குங்கள்.

தேய்த்து மெருகேற்றும்போது உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள், தூள் மூக்குக்குள் போகாது. எண் கூடக் கூடத் தாள் நைசாகும்; 400-ஆம் எண் தாளில் தொடங்கி 600, 800, 1000 என்று ஏறுங்கள். நடுவே ஒரு எண்ணைத் தாண்டினால் கீறல் நின்றுவிடும், அது வார்னிஷ் பூசியபின்தான் கண்ணுக்குத் தெரியும்.

பளபளப்புக்கு நெயில் பாலிஷ் பூசுவதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பூசிய அன்று கண்ணாடி போல மின்னும். அதிலுள்ள கரைப்பான் மெல்ல மெல்லப் பிளாஸ்டிக்கை இளக்க, சில வாரத்தில் தோடு பிசுபிசுக்கும். நான் டப்பாவில் போட்டு வைத்த ஜோடி ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கவே வரவில்லை. ஸ்பிரே பெயிண்டுகள் பலவும் இதே வேலையைச் செய்யும். தண்ணீர் அடிப்படையிலான வார்னிஷ் அல்லது யூவி ரெசின் (புற ஊதா விளக்கொளியில் இறுகும் பிசின்) நல்லது. அதையும் முதலில் கழிவுத் துண்டில் பூசி ஒரு மாதம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். விரல் ஒட்டாவிட்டால் நகையில் பூசலாம்.