சொராரிட்டியில் சேரப்போகும் பெண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும்

கோடை லீவு முடிகிற நேரத்தில் எங்கள் ஹூஸ்டன் பக்கத்துத் தமிழ் அம்மாக்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, பொண்ணு ரஷ் போறேங்கிறா, விடலாமா?" விடுங்கள். ஆனால் விசாரித்துவிட்டு விடுங்கள். சொராரிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் சேரும் சங்கம், 'வீடு' என்றும் சொல்வார்கள். அதற்கு ஆள் சேர்க்கும் நாட்கள்தான் ரஷ். என் மகள் முதலில் ஒரு வீட்டில் சேர்ந்து ஐந்தாவது வாரமே வெளியே வந்தாள். மறுவருடம் வேறொரு வீட்டில் சேர்ந்து, அங்கே கிடைத்த தோழிகளோடுதான் பட்டம் வாங்கினாள். இரண்டையும் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

ஒரு சொராரிட்டிக்குப் பெயராக இருக்கும் கிரேக்க எழுத்துகள் நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் உங்கள் பெண் பழகப்போவது ஒரு வளாகத்தில் இருக்கும் ஒரு சாப்டரோடு, அதாவது கிளையோடு. அதே எழுத்து ஒரு ஊரில் தங்கமாக இருக்கும், இன்னொரு ஊரில் தலைவலியாக இருக்கும். "அது நல்ல சொராரிட்டியா?" என்று கேட்டுப் பயனில்லை. இந்த வளாகத்தில், இந்த வருடம், அதை நடத்துகிற பெண்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்க வேண்டும்.

தென்மாநிலப் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வகுப்பு தொடங்கும் முன்பே, ஆகஸ்ட் வெயிலில் ரஷ் நடக்கும். முதல் சுற்றில் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும், ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம்தான். அடுத்தடுத்த சுற்றில் அவர்களும் கழிப்பார்கள், இவளும் கழிப்பாள். என் மகள் முதல் நாள் புது ஹீல்ஸோடு போய்க் குதிகாலில் கொப்புளத்தோடு வந்தாள். மறுநாள் பையில் தட்டைச் செருப்பு, கையடக்க பேட்டரி விசிறி, பேண்ட்-எய்ட், இரண்டு பாட்டில் தண்ணீர், மாற்றிக்கொள்ள ஒரு மேல்சட்டை எல்லாம் வைத்துக் கொடுத்தேன். வாசல்வரை செருப்பில் நடந்துபோய், அங்கே ஹீல்ஸ் மாட்டிக்கொண்டு, பையை வெளியே வைத்துவிட்டு உள்ளே போவாள்.

உள்ளே அவர்கள் "எந்த ஊர், என்ன படிப்பு" என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டு, இவளும் கேட்க வேண்டும்: பரீட்சை வாரத்தில் மீட்டிங்குக்கு வர முடியாவிட்டால் அபராதம் எவ்வளவு? போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? வீட்டுச் சமையலில் சைவம் உண்டா, சாலட் மட்டும்தானா? வெளியே வந்ததும் போனில் இரண்டு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள். சாயங்காலத்துக்குள் எல்லா வீடும் ஒரே வீடாகக் குழம்பிவிடும். ரோ காமா என்று ஒரு சீனியர் வழிகாட்டி இருப்பாள் (சில வளாகத்தில் வேறு பெயர்). பல இடங்களில் ரஷ் முடியும்வரை அவள் தன் சாப்டர் எது என்று காட்டிக்கொள்ளக் கூடாது. சந்தேகம் வந்தால் அவளைப் பிடியுங்கள்.

பிரிஃபரன்ஸ் என்ற கடைசிச் சுற்றில் பெரும்பாலும் இரண்டு வீடு மிஞ்சும். அன்றைக்கே வரிசைப்படுத்திக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விளையாட்டில்லை. அவள் எழுதிய வீடு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தால், பிடிக்காமல் வெளியே வந்தாலும், தேசிய பான்ஹெலனிக் கூட்டமைப்பைச் சேர்ந்த வேறு சொராரிட்டியில் அடுத்த வருட ரஷ்வரை அந்த வளாகத்தில் சேர முடியாது. மனசுக்கு ஒவ்வாத வீட்டின் பெயரை எழுதவே வேண்டாம். எங்களுக்கு இது தெரியாமல்தான் போனது.

பணக் கணக்கை ரஷ்ஷுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். புது உறுப்பினர் கட்டணம், பேட்ஜ், சாப்டர் சந்தா, வீட்டில் தங்காதவர்களுக்கும் போடும் பார்லர் ஃபீ, இதெல்லாம் தனித்தனி வரி. எங்களுக்கு முதல் செமஸ்டரில் 2,300 டாலருக்கு மேல் போனது, அதில் டி-ஷர்ட்டுக்கு மட்டும் 180. இரண்டாம் வருடம் கட்டாயம் அந்த வீட்டில்தான் தங்க வேண்டுமா என்றும் கேளுங்கள். வெளியே அபார்ட்மென்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தபின் தெரிந்தால் இரட்டைச் செலவு.

இனி, நான் தூக்கம் தொலைத்த விஷயம். ஐந்தாவது வாரம் ராத்திரி 2 மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன். "ம்மா, எங்க போனையெல்லாம் வாங்கி வச்சுட்டாங்க. பக்கத்து ரூம் பொண்ணு போன்ல பேசுறேன். பேஸ்மென்ட்ல நிக்க வச்சிருந்தாங்க." குரல் நடுங்கியது. "ஏன் சம்மதிச்சே கண்ணு?" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. 1996-ல் நாவரசு கொலை நடந்தபோது நானும் கல்லூரி மாணவி. மறுவருடம் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் நினைவிருக்கிறது. அப்படியிருந்தும் ஹேஸிங் என்பதும் அதே ராகிங்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. டெக்சஸ் சட்டத்தில் "அவளே சம்மதித்தாள்" என்பது ஹேஸிங் செய்தவருக்குத் தப்பும் வழி ஆகாது. நேரில் பார்த்துத் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் குற்றம். காலையில் டீன் அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்து எழுதினோம்.

2024 டிசம்பரில் கையெழுத்தான அமெரிக்க மத்தியச் சட்டப்படி, ஹேஸிங் செய்தது உறுதியான அமைப்புகளின் பெயரைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். ரஷ்ஷுக்கு முன் அந்தப் பக்கத்தை ஒரு மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள்.

"நம்மவர்கள் அமைப்பென்றால் பயமில்லை" என்றும் நினைக்காதீர்கள். தெற்காசியப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய டெல்டா ஃபை ஒமேகா சொராரிட்டி 1998-ல் இதே ஹூஸ்டனில் பிறந்தது. இப்படிப்பட்ட சிறிய அமைப்புகளில் செலவு பொதுவாகக் குறைவு, பெரிய மாளிகையும் இருக்காது, தீபாவளிக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அவற்றின் மேல் மரியாதை உண்டு. ஆனால் 2013-ல் நியூயார்க் மாணவர் ஒருவர் உயிர்விட்டது ஆசிய அமெரிக்க ஃபிரடர்னிட்டி (ஆண்கள் சங்கம்) ஒன்றின் சடங்கில்தான். சடங்கு நடந்த பென்சில்வேனியாவில் அந்த அமைப்பை 10 வருடம் தடை செய்தார்கள். பெயரைப் பார்த்து நம்பாமல், புது உறுப்பினர் காலம் எத்தனை வாரம், என்னென்ன செய்யச் சொல்வார்கள் என்று கேளுங்கள். "அது ரகசியம்" என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடலாம்.

பையன்களின் ரஷ்ஷில் இவ்வளவு ஒழுங்கு கிடையாது. கூப்பிடுவார்கள், போவார்கள், பிடித்தால் பிட் (சேர அழைப்பு) கொடுப்பார்கள். அங்கே மதுவைத்தான் கவனிக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஃபிரடர்னிட்டி வீட்டில் குடித்த 19 வயதுப் பையன் படியில் விழுந்து கிடந்தும் கிட்டத்தட்ட 12 மணி நேரம் யாரும் அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடவில்லை. குடித்தவனே ஆம்புலன்ஸ் கூப்பிட்டாலும், வயது வராமல் குடித்ததற்காக அவன்மேல் வழக்கு வராதபடி பல மாநிலங்களில் பாதுகாப்பு உண்டு. டெக்சஸிலும் உண்டு. மகனிடம் இதை நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்தோம். எந்த நேரத்தில் போன் செய்து "அம்மா, ரசத்துக்கு எவ்வளவு புளி?" என்று கேட்டாலும், ஒரு கேள்வியும் கேட்காமல் அப்பா காரை எடுப்பார். மூன்று வருடத்தில் ஒரே ஒருமுறை கேட்டாள். இரண்டரை மணி நேரம் ஓட்டிப்போய் அழைத்து வந்தோம். வழியில் தூங்கிவிட்டாள்.