பிறந்த வருஷத்தை உருட்டும் விரல்

அம்மாபேட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறாம் வகுப்புப் பையன் இன்ஸ்டாகிராம் வேண்டும் என்று இரண்டு நாளாக ஒரே நச்சரிப்பாம். மாமா போனை வாங்கி, பிறந்த வருஷம் கேட்கும் இடத்தில் விரலால் உருட்டிக்கொண்டே போய் 1998-இல் நிறுத்தினார். "ஏதோ ஒண்ணு போட்டாத்தான் உள்ளே விடுது மாப்ள" என்றார். பையன் தட்டுவடை செட்டைக் கடித்தபடி வேடிக்கை பார்த்தான்.

பாதி வில்லங்கம் இங்கேதான் தொடங்குகிறது. இன்ஸ்டாகிராமில் 13 வயது ஆனால்தான் கணக்கு. 13 முதல் 17 வரை என்றால் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகும், முன்பின் தெரியாதவர்கள் மெசேஜ் அனுப்ப முடியாது. 16 ஆகாதவர்கள் அதைத் தளர்த்த வேண்டுமானால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். 1998 என்று போட்டால் இந்த வேலி எதுவும் கிடையாது. பையனுக்கு நிஜமாக 13 ஆகும்போது, கணக்குப்படி அவன் முப்பதைத் தொடும் ஆள்!

"சரி, 13 ஆனதும் கொடுத்துவிடலாமே?" அந்த 13 மருத்துவர்கள் பார்த்துச் சொன்ன வயது இல்லை. 13-க்குக் கீழுள்ள பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோரைக் கேட்காமல் திரட்டக் கூடாது என்று அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது, அதிலிருந்து வந்தது. போட்ட வருஷம் 1998. மாமாவின் விரல் நின்ற அதே வருஷம்.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுவது இன்னொரு தவறு. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் கணக்கு கூடாது. மீறினால் அபராதம் நிறுவனத்துக்கு, வீட்டுக்கு இல்லை. நம் ஊர் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை பெற்றோர் சம்மதம் கேட்கிறது. அந்தச் சம்மதத்தைத் தரப்போவதும் வருஷத்தை உருட்டிய இதே விரல்தானே?

அப்புறம், ஏற்காடு டூர் போட்டோவைப் பள்ளி அடையாள அட்டை தெரிய ஸ்டேட்டஸில் வைக்கும் அம்மாக்கள். அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

யாராவது படத்தை வைத்து மிரட்டினால் பிள்ளையை அடித்துப் போனைப் பிடுங்காதீர்கள். அடுத்த முறை வாயே திறக்காது. பதற்றத்தில் மெசேஜை அழிக்கவும் வேண்டாம், அதுதான் சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிட்டு, சைபர் குற்றப் புகாருக்கான 1930 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள்.

அக்கா வீட்டில் அன்றைக்கே கணக்கை நீக்கச் சொல்லிவிட்டோம். உடனே அழியாது, 30 நாள் ஆகும். நடுவில் உள்ளே நுழைந்தால் மீட்டுவிடலாம். பாஸ்வேர்டு பையனுக்கு மனப்பாடம். மாமா முதலில் அதை மாற்றினார்.