வார்ஹாமர் 40,000: கவசங்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனின் நாட்டிங்ஹாமிலிருந்து இயங்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட வார்ஹாமர் 40,000 மேசைப் போர் விளையாட்டில் கவசங்களைப் பற்றி வாதம் மூண்டால், ஒருவர் விதிப்புத்தகத்தை எடுப்பார், இன்னொருவர் பின்னணிக் கதைகளை எடுப்பார். இரண்டும் ஒரே அளவுகோலால் பேசுகின்றன என்று இருவரும் நம்பிவிடுவதால்தான் அந்த வாதம் முடிவதே இல்லை.

முதல் தவறு, சேவ் எண்ணை (காயத்தைத் தடுக்க ஆறுமுகப் பகடையில் விழ வேண்டிய குறைந்தபட்ச எண்; 3+ என்றால் 3 அல்லது அதற்கு மேல்) மட்டும் பார்த்துக் கவசத்தின் தரத்தை முடிவு செய்வது. 2023-இல் வந்த பத்தாம் பதிப்பில் மரபணு மாற்றப்பட்ட பெருவீரரான ஸ்பேஸ் மரீன் இன்டர்செஸருக்கும், சாதாரண மனித உடல் கொண்ட போர்க் கன்னியான பேட்டில் சிஸ்டருக்கும் சேவ் 3+ தான். இருவரும் அணிவது பவர் ஆர்மர் என்ற இயந்திரக் கவசம்தான். ஆனால் இன்டர்செஸரின் டஃப்னஸ் (உடலைக் காயப்படுத்துவது எவ்வளவு கடினம் என்ற அளவு) 4, வூண்ட்ஸ் (விழுமுன் தாங்கும் காயங்கள்) 2. சிஸ்டருக்கு அவை முறையே 3, 1. கதைப்படி மரீனின் தோலுக்கடியில் பிளாக் கேரபேஸ் என்ற உறுப்பு பதிக்கப்பட்டு, அவருடைய நரம்புகள் கவசத்தோடு நேரடியாக இணைகின்றன. சிஸ்டர்களுக்கு அந்த இணைப்பு கிடையாது. இந்த வேறுபாட்டைச் சேவ் எண் காட்டாது. அதேபோல், மரீன்களின் வேவுவீரரான ஸ்கவுட் அணியும் கேரபேஸ் கவசத்துக்கும் (மேலே சொன்ன உறுப்பு அல்ல, பவர் ஆர்மரைவிட எளிய கவசம்) நெக்ரான் வாரியரின் உலோக உடலுக்கும் 4+ என்றே எழுதியிருக்கிறார்கள். நெக்ரானுக்கு உடலே கவசம். விழுந்தவர் மீண்டும் எழுவதற்குத் தனி விதி இருக்கிறது. அந்த விதியை ஒதுக்கிவிட்டு இரண்டும் சமம் என்பவர் நெக்ரானின் பாதிக் கணக்கை மட்டுமே பார்த்தவராகிறார்.

இரண்டாவது தவறு கணக்கு சார்ந்தது. அனுபவசாலிகளும் இதில் சறுக்குவதுண்டு. 5+, 4+, 3+, 2+ ஆகியவை சம உயரப் படிகள் போலத் தோன்றினாலும் அவை அப்படியல்ல. மிகக் கனமான கவசம் அணிந்த மரீனான டெர்மினேட்டரின் 2+ சேவ்-ஐ எதிர்த்து 36 காயங்கள் வந்தால், சராசரியாக 6 மட்டுமே உள்ளே நுழையும். அதே தாக்குதலின் ஏபி (ஆயுதம் கவசத்தைத் துளைக்கும் திறன்; பகடை எண்ணிலிருந்து அவ்வளவு கழியும்) -1 என்றால் சேவ் 3+ ஆகி, 12 நுழையும். அதாவது சேதம் இரட்டிப்பாகிறது. ஃபிளாக் என்ற எளிய கவசம் அணிந்த, சாதாரண மனிதக் காலாட்படையான கேடியன் வீரருக்கு 5+ சேவ் என்பதால், ஏபி இல்லாத 36 காயங்களில் 24 நுழையும். ஏபி -1 என்றால் அது 30 ஆகும், கால் பங்கு மட்டுமே கூடுதல். ஆகவே, ‘ஏபி -1 எல்லாக் கவசத்தையும் ஒரே அளவில் பாதிக்கிறது’ என்ற பேச்சு தவறு. கவசம் சிறப்பாக இருக்க இருக்க, ஒரு படி இழப்பின் விலை ஏறுகிறது. சாதாரணக் காலாட்படைமீது ஏபி உள்ள ஆயுதத்தைச் செலவிட வேண்டாம் என்று பழகிய ஆட்டக்காரர்கள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஏபி-யால் குறையாத தனிப் பாதுகாப்பான இன்வல்னரபிள் சேவ்-ஐக் கவசத்தின் தடிமனோடு கூட்டிப் பார்ப்பது அடுத்த தவறு. இரண்டில் ஒன்றைத்தான் உருட்ட முடியும். பிளாஸ்மா துப்பாக்கியை மிகைச்சக்தியில் சுட்டால் ஏபி -3. டெர்மினேட்டரின் 2+ அப்போது 5+ ஆகிவிடுவதால், ஏபி-யால் மாறாத 4+ இன்வல்னரபிள் சேவ்-ஐ அவர் எடுத்துக்கொள்வார். வேற்றினக் கூத்துவீரர்களான ஹார்லக்வின்களுக்கும் அதே 4+ உண்டு. ஆனால் அவர்களுடைய சாதாரணச் சேவ் வெறும் 6+. அவர்களின் ஹோலோ ஆடை குண்டைத் தடுப்பதில்லை, சுடுபவரின் கண்ணை ஏமாற்றுகிறது. ஒரே எண்ணுக்குள் தாங்குவதும் தப்புவதும் சேர்ந்து கிடக்கின்றன.

எல்லாவற்றிலும் அதிகக் குழப்பத்தை உண்டாக்குவது பதிப்புகளைக் கலப்பதுதான். 1993-இல் வந்த இரண்டாம் பதிப்பில் டெர்மினேட்டர் இரண்டு பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகை 3 வந்தாலே பிழைத்தார். ஆயுதத்தின் கழிவு (பகடை எண்ணிலிருந்து குறைக்கும் அளவு) இல்லாதபோது 36 வாய்ப்புகளில் ஒன்றில்தான் அவர் தோற்பார். 1998-இன் மூன்றாம் பதிப்பு அந்தக் கழிவு முறையைத் தூக்கிவிட்டு, ‘முழுமையாகத் துளைக்கும் அல்லது துளைக்கவே துளைக்காது’ என்ற ஏபி முறையைக் கொண்டுவந்தது. மரீன்களின் துப்பாக்கியான போல்ட்டரின் ஏபி அப்போது 5, அதாவது 5+ அல்லது அதைவிட மோசமான சேவ்-ஐ அதன்முன் உருட்டவே முடியாது. அதனால் ஃபிளாக்கின் 5+ அதன்முன் செல்லாக்காசு, கேரபேஸின் 4+ மீதோ கீறல்கூட விழாது. போல்ட்டர் முன் ஃபிளாக் கவசம் வெறும் டி-ஷர்ட் என்ற கிண்டலுக்கு அந்தக் காலத்து விதி நன்றாகவே பொருந்தியது. 2017-இன் எட்டாம் பதிப்பில் கழிவு முறை திரும்பியது. போல்ட்டருக்கு ஏபி இல்லாமல் போக, அதே ஃபிளாக் தன் 5+ சேவ்-ஐ முழுதாக உருட்டுகிறது. 2020-இல் பழைய வகை மரீன்களுக்கு ஒன்றாக இருந்த வூண்ட் இரண்டானது. 2023-இல் டெர்மினேட்டரின் டஃப்னஸ் 4-லிருந்து 5-க்கும், இன்வல்னரபிள் சேவ் 5+ என்பதிலிருந்து 4+ என்பதற்கும் உயர்ந்தன. கதையில் யாரும் அந்தப் பழம்பெரும் கவசங்களைப் புதிதாக வார்க்கவில்லை. ஆட்டத்தின் சமநிலைக்காக எண்களைத் திருத்தினார்கள், அவ்வளவுதான்.

கதைப் பக்கமும் கவனம் தேவை. டெர்மினேட்டரின் தோளிலுள்ள சின்னத்தில் பேரரசரின் கவசத்துணுக்கு இருக்கிறது என்பது அந்த உலகத்து மனிதர்கள் பக்தியோடு சொல்லும் செய்தி. அதை ஆய்வறிக்கை போல வாசிப்பது பொருந்தாது. பவர் ஆர்மரின் வடிவங்களில் ஒன்றான மார்க் III கவசம் கப்பல்களின் குறுகிய வழிகளில் போரிடுவதற்காக முன்புறம் கனமாக அமைக்கப்பட்டது, பின்புறம் அதைவிட மெல்லியது என்று கதை சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து சுட்டால் சேவ் குறையுமா என்று கேட்பவர்கள் உண்டு. பத்தாம் பதிப்பில் மார்க் III, மார்க் VII என எதைச் செதுக்கிய பொம்மையானாலும் 3+ தான். பொம்மைக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற பிரிவே அந்த விதிகளில் இல்லை.