குன்னூரை அரை நாளில் முடிக்காதீர்கள்

ஊட்டிக்கு டூர் போடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் குன்னூரை ஒரு மத்தியானத்துக்குள் அடக்கிவிடுகிறார்கள். பதினோரு மணிக்கு சிம்ஸ் பூங்கா, ஒரு மணிக்கு டால்பின் நோஸ், வழியில் ஒரு டீ ஃபேக்டரி, இருட்டுவதற்குள் ஊட்டிக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த நேரத்தில்தான் பூங்காவில் கூட்டம் நெரியும், காட்சிமுனையில் மேகம் ஏறி எதிரே ஒன்றுமே தெரியாது. வெள்ளைத் திரை முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு "குன்னூரில் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். திட்டத்தைத் தலைகீழாக மாற்றுங்கள். குன்னூரில் இரண்டு ராத்திரி தங்குங்கள், ஊட்டியை வேண்டுமானால் அரை நாளில் பார்த்துவிட்டு வாருங்கள்.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். ஊட்டி 2,240. அதனால் இங்கே குளிர் ஒரு படி குறைவு, வயதானவர்களையும் சின்னக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வர வசதி. ஒரு ஸ்வெட்டர் போதும், டிசம்பர், ஜனவரியில் மட்டும் காதை மூட ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரியின் கிழக்கு விளிம்பில் ஊர் உட்கார்ந்திருக்கிறது, அதுதான் இதன் பெரிய பலம். சில இடங்களில் நாலு அடி எடுத்து வைத்தால் மலை அப்படியே செங்குத்தாக இறங்கிவிடும், கீழே மேட்டுப்பாளையம் சமவெளி விரிந்து கிடக்கும்.

எப்போது வருவது என்பதையும் இந்த விளிம்புதான் தீர்மானிக்கிறது. ஊட்டிக்கு ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது குன்னூரில் பெரும்பாலும் தூறலோடு போய்விடும். இங்கே கனமழை என்றால் அது வடகிழக்குப் பருவமழைதான், அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. அப்போது மலைப்பாதையில் மண் சரியும், தண்டவாளத்தில் பாறை விழும், மலை ரயிலை நாள்கணக்கில் ரத்து செய்வார்கள். அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல், மே சீசன் என்றால் பள்ளி விடுமுறைக் கூட்டம், அறை வாடகையும் எகிறும். மே கடைசி வாக்கில் சிம்ஸ் பூங்காவில் நடக்கும் பழக் கண்காட்சிக்காக வருகிறீர்கள் என்றால் சரி, மற்றபடி ஜனவரியிலிருந்து மார்ச் வரையும், ஆகஸ்ட், செப்டம்பரும்தான் நான் சொல்லும் நேரம்.

வந்து சேர்வதற்கு வாய்ப்பு இருந்தால் மலை ரயில். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும், சென்னையிலிருந்து இரவு புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் அதற்கு இணைப்பு கிடைக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும் பாதை போட்டது 1899இல், யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது 2005இல். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரட்டை இரும்புப் பட்டை ஓடுவதைக் கவனியுங்கள். என்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் 12 அடிக்கு ஒரு அடி என்ற ஏற்றத்தில் வண்டியை மேலே தள்ளுகிறது. ஆமாம், தள்ளுகிறது, என்ஜின் பின்னால் இருக்கும். ஹில்குரோவில் வண்டி நிற்கும்போது இறங்கிப் பின்பக்கம் போய் அந்த நீராவி என்ஜினைப் பக்கத்திலிருந்து பாருங்கள், சூடும் எண்ணெய் வாசனையும் முகத்தில் அடிக்கும். கையில் தின்பண்டம் வைத்துக்கொண்டு மட்டும் இறங்காதீர்கள், குரங்குகள் காத்துக்கொண்டிருக்கும். டிக்கெட் முன்பதிவு திறந்த உடனே போட்டுவிட வேண்டும், கடைசி நேரத்தில் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள்.

ரயில் கிடைக்கவில்லையா, மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்து தாராளமாக இருக்கிறது. சொந்தக் காரில் வருகிறீர்கள் என்றால் இணையத்தில் பதிந்து வாங்கும் இ-பாஸ் எடுத்தாக வேண்டும், 2024 மே மாதத்தில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி வந்த ஏற்பாடு இது. 2025 கோடையில் வார நாட்களுக்கு ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுக்கு 8,000 என்று வரம்பே வைத்தார்கள். பேருந்திலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. இன்னொன்று, நீலகிரி மாவட்டம் முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கூட அதில் சேர்த்தி. சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்து வாருங்கள், வழியில் குடிநீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், அதில் பிடித்துக்கொள்ளலாம்.

தங்குவதற்கு மேல் குன்னூர் பக்கம் பாருங்கள். பேருந்து நிலையம், ரயில் நிலையம், மார்க்கெட் எல்லாம் கீழே நெருக்கியடித்துக்கொண்டு சத்தமாக இருக்கும், பெட்போர்டு, சிம்ஸ் பூங்கா பக்கம் ஏறிவிட்டால் மரமும் பழைய ஓட்டு வீடுமாக ஊரே மாறிவிடும். அங்கே தங்கினால் காலையில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே நடக்கலாம், அதற்காகத்தானே இந்த ஊருக்கு வருகிறோம்.

முதல் நாள் காலை டால்பின் நோஸ், லேம்ஸ் ராக் இரண்டும். ஆறரை, ஏழு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். டால்பின் நோஸ் சாலையின் கடைசியில், ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது, லேம்ஸ் ராக் அதே சாலையில் வழியிலேயே வந்துவிடும். முதலில் நேரே டால்பின் நோஸ் போய்விட்டுத் திரும்பும்போது லேம்ஸ் ராக்கில் நிற்பது நல்லது, ஏனென்றால் மேகம் ஏறுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது டால்பின் நோஸ். காலைத் தெளிவில் எதிர் மலையில் கேத்தரின் அருவி ஒரு வெள்ளைக் கோடாக விழுவது தெரியும், அடியில் பள்ளத்தாக்கு எவ்வளவு ஆழம் என்று பார்த்தால்தான் புரியும். வாசல் திறக்கும் நேரத்தைத் தங்குமிடத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், திறந்ததும் உள்ளே போகிற முதல் ஆளாக இருக்கப் பாருங்கள். சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு குன்னூர் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்து உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு, திரும்பும் வண்டி எப்போது என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

லேம்ஸ் ராக்கில் வண்டியை விட்டு இறங்கி சோலைக்குள் சின்னதாக ஒரு நடை. இதைத்தான் அவசரமாகப் போகிறவர்கள் தவறவிடுகிறார்கள். முனைக்கு ஓடாமல் பாதி வழியில் பேச்சை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் நில்லுங்கள். மரத்தண்டு முழுக்கப் பாசி, கிளைக்குக் கிளை பெரணி, மேலே எங்கோ மலை அணில் தாவும் சத்தம், அதிர்ஷ்டம் இருந்தால் கருமந்திக் கூட்டம். மழைக்காலம் என்றால் அட்டை ஏறும், சாக்ஸுக்குள் பேண்டைச் சொருகிக்கொண்டால் போதும். முனைக்குப் போனதும் கம்பிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள், ஈரப் பாறை வழுக்கும், கீழே பல நூறு அடிப் பள்ளம்.

இந்தச் சாலையில் காட்டெருமை ரொம்பச் சாதாரணம். தேயிலைக்கு நடுவே கறுப்பாக ஒரு பாறை மாதிரி நிற்கும், திடீரென்று தலை நிமிர்த்திப் பார்க்கும், அப்போதுதான் தெரியும். முட்டிக்குக் கீழே மட்டும் வெள்ளை, காலுறை போட்டது போல. சாதுவாகத்தான் இருக்கும், ஆனால் வளர்ந்த ஆண் ஒரு டன் எடை வரைக்கும் வரும். வண்டியில் இருந்தால் நிறுத்தி அதுவாக நகரும்வரை காத்திருங்கள், ஹாரன் வேண்டாம். நடந்து போகும்போது எதிரே வந்தால் மெதுவாகப் பின்வாங்குங்கள், செல்ஃபி எடுக்கக் கிட்டே போகவே கூடாது. இருட்டிய பிறகு தோட்டத்துப் பாதையில் நடக்காதீர்கள், கரடி ஊருக்குள்ளேயே வந்து போகிற இடம் இது, சிறுத்தையும் உண்டு. உள்ளூர்க்காரர்கள் "இந்தப் பக்கம் போகாதீங்க" என்றால் அன்றைக்குக் காரணம் இருக்கும், கேளுங்கள்.

பத்து, பதினோரு மணிக்குள் திரும்பி வந்து நல்லா சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு சிம்ஸ் பூங்காவுக்குப் போங்கள். 1874இல் தொடங்கிய பூங்கா, தரையைச் சமப்படுத்திப் போட்ட தோட்டம் அல்ல, பள்ளத்தாக்கு எப்படி இருந்ததோ அப்படியே விட்டு மரம் வைத்திருக்கிறார்கள். அதனால் நுழைவாயிலிலிருந்து கீழே குளம் வரை இறக்கம்தான், திரும்பும்போது அத்தனையும் ஏற வேண்டும் என்பதை முழங்கால் வலி உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூப்பாத்திகளை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் மரங்களைப் பாருங்கள். ருத்ராட்ச மரம், யானைக்கால் மரம், காகித மரம் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். கேமெலியா பூத்திருந்தால் அதன் இலையைத் தேயிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே பேரினம், குழந்தைகளுக்குக் காட்டினால் அப்புறம் வழியெல்லாம் அதையே தேடிக்கொண்டு வரும். பக்கத்திலேயே தோட்டக்கலைத் துறையின் பழப்பண்ணை இருக்கிறது, ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் பெர்சிமன் பழம் வரும், தக்காளி மாதிரி இருக்கும், நன்றாகப் பழுத்ததைத்தான் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் நாக்கைப் பிடித்துக்கொள்ளும்.

டீ வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. பார்வையாளர்களை உள்ளே விடும் ஃபேக்டரிக்குப் போனால், பச்சை இலையை வாட வைத்திருக்கும் நீளமான தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று முகர்ந்து பாருங்கள், பச்சை ஆப்பிள் வாசம் போல ஒன்று வரும், அது டீத்தூளில் வராது. வீட்டில் பால் டீ போடுகிறவர்களுக்கு சிடிசி தூள், அதாவது இலையை நசுக்கிக் குருணையாக்கிய டீ, போதும். இலையாக விற்கும் ஆர்தடாக்ஸ் டீயில் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள், பால் இல்லாமல் மூன்று நிமிடம் ஊறவிட்டுக் குடிக்க வேண்டும். நீலகிரி டீக்கு ஒரு குணம், ஆறினாலும் கலங்காது, அதனால் ஐஸ் டீக்கு இதைத் தேடி வாங்குகிறார்கள். "சாக்லேட் டீ", "மசாலா டீ" என்று கலர் பெட்டியில் தள்ளிவிடுவதை விட்டுவிடுங்கள், தேயிலையின் ருசியே அதில் தெரியாது. கூடவே மார்க்கெட் பேக்கரியில் டீயோடு கடித்துக்கொள்ளும் வர்க்கி வாங்குங்கள், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊட்டி வர்க்கிதான், விறகு அடுப்பில் சுட்டதா என்று கேட்டு வாங்கினால் மொறுமொறுப்பு வேறு மாதிரி இருக்கும்.

இரண்டாவது நாளுக்கு இரண்டு வழி. ரயில் கிடைக்காமல் ஏமாந்தவர்கள் குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் ரயிலில் ஏறிவிடுங்கள். நாளைக்குச் சில தடவை ஓடுகிறது, 19 கிலோமீட்டர், இதில் டிக்கெட் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள், கேத்தி பள்ளத்தாக்கில் காய்கறித் தோட்டங்கள் படிப்படியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஊட்டியில் மதியம் வரை சுற்றிவிட்டுப் பேருந்தில் திரும்பிவிடலாம்.

என்னைக் கேட்டால் நடக்கப் பிடித்தவர்களுக்கு கோத்தகிரிதான். இருபது கிலோமீட்டர் சொச்சம், வழி முழுக்கத் தேயிலை. ஊருக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் அந்தக் கால கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் கட்டிய வீடு நினைவகமாக இருக்கிறது, கொஞ்ச நேரம் செலவழிக்கலாம். அப்புறம் லாங்வுட் சோலை. சுற்றியிருக்கும் கிராமங்களுக்குக் குடிநீர் கொடுக்கிற காடு இது, வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும், பறவை பார்க்கிறவர்கள் பைனாகுலரை மறக்காதீர்கள். நேரம் இருந்தால் கோடநாடு காட்சிமுனை, அங்கிருந்து மாயாறு பள்ளத்தாக்கும் தூரத்தில் பவானிசாகர் தண்ணீரும் தெரியும்.

ஊர் திரும்பக் காரில் மலை இறங்குகிறவர்கள் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் பாதி வழியில் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். கொண்டை ஊசி வளைவில் ஏறி வருகிறவருக்குத்தான் முதல் வழி. சீசனில் குன்னூர் சாலையை ஏறுவதற்கு மட்டும் ஒருவழியாக்கி, இறங்குகிறவர்களை கோத்தகிரி வழியாக அனுப்புவார்கள், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். குன்னூர் வழி திறந்திருந்தால் ரன்னிமேடு பக்கத்தில் காட்டேரி பூங்காவில் கால் நீட்டலாம், மலை ரயில் வரும் நேரமாக இருந்தால் பார்த்துவிட்டே போகலாம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் என்றால் பர்லியாரில் கட்டாயம் நிறுத்துங்கள், மங்குஸ்தானும் துரியனும் சாலையோரக் கடைகளிலேயே கிடைக்கும். மங்குஸ்தானை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், ஓடு கொஞ்சம் அமுங்கினால் நல்ல பழம், கல் மாதிரி இருந்தால் உள்ளே காய்ந்து போயிருக்கும்.