எடை எறங்கலன்னு சோத்த இன்னும் கொறைக்காதீங்க, முதல்ல இத செஞ்சு பாருங்க

நான் 72 கிலோல இருந்தப்ப வாட்சப்புல ஒரு டயட் சார்ட் வந்துச்சுங்க, காலைல எலுமிச்ச தேன் தண்ணி, பத்து மணிக்கு ரெண்டு இட்லி, மதியம் ஒரு கை சோறு கொள்ளு ரசம், சாயந்திரம் சக்கர இல்லாத வரக்காப்பி, ராத்திரி வெறும் பப்பாளி. முதல் மாசம் நாலு கிலோ எறங்குச்சு, காரிமங்கலத்துல பஸ் ஏறுனா கிருஷ்ணகிரி எறங்குற வரைக்கும் அதத்தான் நெனச்சு சந்தோசப்பட்டுட்டு போவேன். அதுக்கப்புறம் ஒன்றரை மாசம் முள்ளு அசையவே இல்ல. நான் என்ன பண்ணுனேன்னா இட்லிய ஒண்ணா கொறச்சேன், அந்த ஒரு கை சோத்தையும் விட்டேன். அதான் நான் பண்ணுன பெரிய தப்பு, அதனாலதான் இத எழுதுறேன், ஏன்னா எங்க ஆபீஸ்ல மட்டும் மூணு பேரு இப்ப அதே சார்ட்ட வச்சிருக்காங்க.

மொதல்ல நீங்க ரொம்ப கம்மியா சாப்புடுறீங்களான்னு எப்புடி கண்டுபிடிக்கிறது. எடை மிஷின் இத சொல்லாது, உடம்பு சொல்லும். வைகாசி வெயில்லயும் கை கால் சில்லுனு இருக்கும், எல்லாரும் ஃபேன் போடுன்னு சொல்லும்போது நீங்க மட்டும் போர்வ கேப்பீங்க. மலச்சிக்கல் வந்துரும். உக்காந்துட்டு எந்திரிச்சா கண்ணு இருட்டும். ராத்திரி தூக்கம் வராது, வந்தாலும் மூணு மணிக்கு முழிப்பு வந்து சாப்பாட்டு வீடியோவா பாத்துட்டு இருப்பீங்க. மாதவிடாய் தள்ளிப்போகும் இல்ல நின்னே போகும். முடி கொட்டுறது மட்டும் ஒடனே தெரியாது, சாப்பாடு கொறச்சு ரெண்டு மூணு மாசம் கழிச்சுதான் கொத்து கொத்தா வரும், அதனால நாம தண்ணிய கொற சொல்லுவோம், ஷாம்பூவ மாத்துவோம். நான் ஷாம்பூ மூணு மாத்துனேன். இதுல ரெண்டு மூணு சேர்ந்து இருந்தா கீழ சொல்ற கணக்க போட்டு பாருங்க. மயக்கம் வந்து விழுறது, நெஞ்சு படபடப்பு, மாதவிடாய் மூணு மாசமா வரலங்கிறதெல்லாம் இருந்தா கணக்கு அப்புறம், முதல்ல டாக்டர். போறப்ப ஹீமோகுளோபினும் தைராய்டும் சேர்த்தே பாத்துக்கங்க, ஏன்னா குளிரும் முடி கொட்டுறதும் அதுலயும் வரும்.

இப்ப கணக்கு. பேப்பர் பேனா போதும், இது மிஃப்ளின் செயின்ட் ஜியோர்னு 1990ல வந்த ஃபார்முலா, இன்னிக்கும் அதிகமா இததான் எடுக்குறாங்க. எடைய 10ஆல பெருக்குங்க, உயரத்த சென்டிமீட்டர்ல எடுத்து 6.25ஆல பெருக்கி கூட்டுங்க, வயச 5ஆல பெருக்கி கழிங்க, கடைசியா பொம்பளைங்கன்னா 161 கழிக்கணும், ஆம்பளைங்கன்னா 5 கூட்டணும். நான் ஆரம்பிச்ச 72 கிலோவ வச்சு என் கணக்கு: 720, அதோட 156 சென்டிமீட்டருக்கு 975, 34 வயசுக்கு 170 போச்சு, 161 போச்சு, மிச்சம் 1364. இது நான் கட்டில்ல படுத்தே கெடந்தாலும் இதயம், நுரையீரல், மூளை எல்லாம் ஓட வேண்டிய கலோரி. உக்காந்தே வேலைன்னா இத 1.2ஆல பெருக்கணும், கொஞ்சம் நடப்பீங்க வீட்டு வேலையும் இருக்குன்னா 1.375ஆல. எனக்கு 1875 வந்துச்சு. எடை குறையணும்னா இதுல 300ல இருந்து 500 வரைக்கும் கழிச்சா போதும், நான் 450 கழிச்சு 1425னு வச்சுக்கிட்டேன். பொதுவா பொம்பளைங்க 1200க்கு கீழயும் ஆம்பளைங்க 1500க்கு கீழயும் தானா எறங்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க, 800க்கு கீழ எல்லாம் டாக்டர் கண்காணிப்புல மட்டும் பண்ற வேல. நான் அந்த சார்ட்ட கூட்டி பாத்தப்ப கிட்டத்தட்ட 800 வந்துச்சு. ஒரு டாக்டரும் பாக்கல, ஃபார்வர்டு பண்ணுன அக்காதான் பாத்தாங்க.

இந்த எடத்துல ஒரு விசயம், ‘கம்மியா சாப்ட்டா உடம்பு பட்டினி மோடுக்கு போயி கொழுப்ப புடிச்சு வச்சுக்கும், அதான் எறங்கல’ன்னு சொல்லுவாங்க பாருங்க, அது பாதிதான் உண்மை. 1944-45ல அமெரிக்கால மின்னசோட்டா யூனிவர்சிட்டில ஆன்செல் கீஸ்னு ஒருத்தர் 36 ஆம்பளைங்கள ஆறு மாசம் அரைப் பட்டினி போட்டு ஆராய்ச்சி பண்ணுனாரு. அவங்களுக்கு குடுத்ததே ஒரு நாளைக்கு சுமாரா 1570 கலோரி, ஆமாங்க, பட்டினின்னு பேரு வச்சதே நம்ம சார்ட்ட விட ரெண்டு மடங்கு கிட்ட. அவங்க வாரம் 22 மைல் நடக்கவும் செஞ்சாங்க, அது வேற. அவங்க உடம்பு எரிக்கிற கலோரி நல்லாவே கொறஞ்சுச்சு, ஆனா எடை எறங்காம நிக்கல, ஏறக்குறைய கால்வாசி எடை போச்சு. கொழுப்பு மட்டும் இல்ல, சதையும் போச்சு, எப்பவும் குளிரு, எப்பவும் சாப்பாட்டு நெனப்பு, சமையல் புஸ்தகத்த கத மாதிரி படிச்சுட்டு இருந்தாங்களாம்.

அப்ப எனக்கு ஏன் எறங்கல. ஒரு வாரம் உண்மையா நோட்டுல எழுதி பாத்தேன், வெளங்கிருச்சு. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் 800, சரி. சனிக்கிழம சாயந்திரம் கை நடுங்குற பசில தட்டுவடை செட்டு ரெண்டு, காளான் ஒரு பிளேட்டு, ஞாயித்துக்கிழம கறி சோறு, மத்தியானம் தூங்கி எந்திரிச்சு புள்ளைங்க வச்ச மிக்சரு, அந்த ரெண்டு நாளும் 3000 கிட்ட. அஞ்சு எட்டுநூறு 4000, ரெண்டு மூவாயிரம் 6000, மொத்தம் 10000, ஏழால வகுத்தா நாளைக்கு 1430 கிட்ட வருது. ஃபார்முலா போட்டு நான் வச்ச 1425 கிட்டவேதான்! ஏழு நாளும் நிம்மதியா சாப்புட வேண்டியத அஞ்சு நாள் பட்டினியும் ரெண்டு நாள் வெறியுமா பிரிச்சு சாப்ட்டிருக்கேன். இது எழுதுனது மட்டும், எழுதாம வாய்க்குள்ள போனது எவ்வளவோ. போதாததுக்கு தெம்பு இல்லாம வீட்டுக்கு வந்தா படுத்துக்குவேன், மாடிக்கு துணி காயப்போட கூட பெரியவள அனுப்புவேன், அதனால செலவாகுற கலோரியும் கொறஞ்சு போச்சு. இன்னொண்ணு, நான் எடை பாக்குறது திங்கக்கிழம காலைல, முந்தின நாள் உப்பு கறியெல்லாம் தண்ணிய புடிச்சு வச்சிருக்கும். எறங்குன அரைகிலோவ அந்த தண்ணி மறச்சிருச்சு.

அதனால நீங்களும் ஏழு நாள் எழுதுங்க, எதையும் மாத்தாம, சனி ஞாயிறு கண்டிப்பா சேர்த்து. தராசு வாங்கிக்கங்க, சமையலறைக்குன்னு சின்ன டிஜிட்டல் தராசு ஐநூறு ரூவாக்குள்ள கெடைக்குது. போன்ல இருக்குற கலோரி ஆப்-ப நம்பாதீங்க, நான் களின்னு தேடுனா காலிஃப்ளவர காட்டுச்சு. நம்ம ஊரு சாப்பாட்டுக்கு வேகறதுக்கு முன்னாடி எடை போடுறதுதான் சரி, களி உருண்டைல எவ்வளவு தண்ணி இருக்குன்னு யாருக்கு தெரியும், எங்க அத்தை உருண்டையும் எங்க அம்மா உருண்டையும் ஒண்ணா. ராகி மாவு 100 கிராம் 320 கலோரி, அரிசி 350, கொள்ளு 330, வேர்க்கடல 550 கிட்ட, முட்ட ஒண்ணு 70ல இருந்து 75. எண்ணெய்தான் எமன், ஒரு டேபிள் ஸ்பூன் 120. தாளிக்கிறப்ப பாட்டில்ல இருந்து நேரா ஊத்துனா ஸ்பூன் கணக்கு யாருக்கும் தெரியாது, அதனால நான் வாரத்துக்கு வேண்டிய எண்ணெய தனி பாட்டில்ல அளந்து ஊத்தி வச்சுக்குறேன். டீக்கு போடுற சக்கர ஒரு டீஸ்பூன் 20 கலோரிக்குள்ள, அதுக்கெல்லாம் சண்ட போட வேண்டாம்.

எழுதி பாத்து நெசமாவே 800, 900ல இருக்கீங்கன்னா (வார சராசரிய சொல்றேன்) ஒரே நாள்ல 1400க்கு தாவ மனசு வராது, பயமா இருக்கும். ஒவ்வொரு வாரமும் ஒரு நாளைக்கு சாப்புடுற அளவுல 150 கலோரி கூட்டுங்க. முதல் வாரம் காலைல ரெண்டு முட்ட, அவ்வளவுதான். ரெண்டாவது வாரம் மதியம் கொள்ளுக்கொழம்பு ஒரு கிண்ணம். மூணாவது வாரம் ராத்திரி பப்பாளிய தூக்கிப் போட்டுட்டு சின்ன களி உருண்ட. நாலு வாரத்துல வந்து சேர்ந்துருவீங்க. இதுல முதல் பத்து நாள்ல எடை ஒரு கிலோ, ஒன்றரை கிலோ கூட ஏறும், நான் இத முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் என்ன திட்டாதீங்க. அது கொழுப்பு இல்ல. ஒடம்புல சக்கரைய சேத்து வைக்கிற கிளைக்கோஜன் திரும்ப ரொம்புது, ஒரு கிராம் கிளைக்கோஜனோட மூணு கிராம் தண்ணி ஒட்டிக்கும், கொடல்லயும் சாப்பாடு இருக்கும்ல. ஒரு கிலோ கொழுப்பு ஏறணும்னா தேவைக்கு மேல 7700 கலோரி கிட்ட சாப்புடணும், ரெண்டு முட்டைல அது நடக்காது.

ஒண்ணு மட்டும் கவனம். அஞ்சு நாளுக்கும் மேல ஏறக்குறைய ஒண்ணுமே சாப்புடாம கெடந்தவங்க, எடை ரொம்ப கம்மியா போனவங்க, வீட்ல தானா சாப்பாட்ட ஏத்தக் கூடாது, திடீர்னு சாப்ட்டா ரத்தத்துல பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் கீழ எறங்கி இதயத்துக்கே ஆபத்தாகும், அத ஆஸ்பத்திரில பாத்துதான் பண்ணணும். சுகர் மாத்திர, இன்சுலின் போடுறவங்களும் கூட்டுனாலும் கொறச்சாலும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்ங்க. மாசமா இருக்கவங்க, பால் குடுக்குறவங்க, பதினெட்டு வயசு ஆகாத புள்ளைங்க இந்த கணக்கையே தொடாதீங்க. சாப்ட்டதும் வெரல விட்டு வாந்தி எடுக்கத் தோணுது, சாப்ட்டதுக்கு ரெண்டு நாள் அழுவுறேன்னா இது கலோரி பிரச்சின இல்ல தாயி, 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மனஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

என்னோட ஒரு நாள் இப்ப இப்புடி. காலைல ராகி மாவு 40 கிராம் போட்டு கூழு, ஒரு டம்ளர் மோரு, ரெண்டு அவிச்ச முட்ட. ஆபீஸ்ல ஒரு டீ. மதியம் 50 கிராம் அரிசி சோறு, 40 கிராம் கொள்ளுல கொழம்பு, ஒரு பொரியல், ஒரு கிண்ணம் தயிரு. சாயந்திரம் 20 கிராம் வேர்க்கடல. ராத்திரி 70 கிராம் ராகி மாவும் 20 கிராம் நொய்யும் போட்ட களி, பருப்பு போட்டு கடஞ்ச கீர. கூட்டுனா 1430 கிட்ட வருது, புரோட்டீன் 55 கிராம் கிட்ட. அது பத்தாது, ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கழகம்) சொல்றதே ஒரு நாளைக்கு கிலோவுக்கு 0.83 கிராம், 72 கிலோவுக்கு 60 ஆச்சு, எடை குறைக்கும்போது சதை போவாம இருக்க கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேலயே நல்லது. அதனால கொழம்புல 20 கிராம் சோயா உருண்ட போடுவேன், பத்து கிராம் ஏறும், அதுக்கு கூடுற எழுபது கலோரிக்கு அன்னிக்கு வேர்க்கடலய பாதியா கொறச்சுக்குவேன். கே.ஆர்.பி டேம் (கிருஷ்ணகிரி அணை) மீன் கெடைக்கிற அன்னிக்கு கொள்ளுக்கு லீவு. சீசன்ல பச்ச அவரக்கொட்ட உரிச்சு போட்டு கொழம்பு வச்சா களிக்கு அத மிஞ்சி ஒண்ணும் இல்ல.

களி சாப்ட்டா எடை போடும்னு எங்க சின்ன மாமியாரு சொன்னாங்க, ‘காட்டுல வேல செஞ்சவங்க சாப்ட்டது கண்ணு, நீ நாற்காலில உக்காந்திருக்க’ன்னு. தப்பில்ல அவங்க சொன்னது, அவங்க காலத்து உருண்ட தேங்கா மூடி சைசு. சைச கொறைங்க, களிய விடாதீங்க. ஓட்ஸு வாங்குற காசுக்கு ராகி எத்தன கிலோ வரும், தர்மபுரி பக்கம் 2023ல ரேசன் கடைல அரிசில ரெண்டு கிலோவுக்கு பதிலா ராகியே குடுக்க ஆரம்பிச்சாங்க.

சாப்பாடு ஏறுனதும் தெம்பு வரும், அந்த தெம்ப சும்மா விடாம வாரத்துல மூணு நாள் ஏதாவது கனம் தூக்குங்க. ஜிம்மு வேண்டாம், நான் அஞ்சு லிட்டர் தண்ணி கேன் ரெண்ட கைல வச்சுக்கிட்டு உக்காந்து உக்காந்து எந்திரிப்பேன், புள்ளைங்க சிரிக்கும். நடக்குறது தனி.

எடைய தெனமும் காலைல கக்கூஸ் போய்ட்டு வந்து, ஒண்ணும் குடிக்காம பாத்து எழுதுங்க, ஆனா ஒரு நாள் நம்பர பாத்து முடிவு எடுக்காதீங்க, ஏழு நாள் சராசரிய போன வார சராசரியோட பாருங்க. பொம்பளைங்க மாதவிடாய்க்கு முன்னாடி வாரத்த கணக்குலயே சேக்காதீங்க. நாலு வாரம் சராசரி அசையலன்னா மட்டும் நாளைக்கு ஒரு 100 கலோரி கொறைங்க, அதுக்கும் முன்னாடி எண்ணெ பாட்டில பாருங்க. வாரத்துக்கு அரை கிலோவுக்குள்ள எறங்குனா போதும், வாரம் ஒன்றரை கிலோவுக்கு மேல வேகமா எறக்குறவங்களுக்கு பித்தப்பைல கல்லு வர வாய்ப்பு கூடும்.

மாம்பழ சீசன்ல என்ன பண்றதுன்னு கேப்பீங்க, கிருஷ்ணகிரில இருந்துக்கிட்டு பங்கனப்பள்ளி சாப்புடாம இருக்க முடியுமா. கொட்ட தோலு போக 300 கிராம் சதை 180 கலோரி கிட்ட. நான் அன்னிக்கு மதியம் சோத்த பாதியா கொறச்சு, வேர்க்கடலய முழுசா விட்டுட்டு, ஒரு முழு பழத்த அறுத்து தட்டுல வச்சு உக்காந்து சாப்புடுவேன். பட்டினி கெடந்த வருசம் ஒரே ராத்திரில அஞ்சு பழம் சாப்ட்டேன், அடுப்படில நின்னுக்கிட்டு, லைட்டு கூட போடாம. இந்த வருசம் ரெண்டாவது பழத்துக்கு கை போகவே இல்ல, அத்தைதான் ‘இன்னொண்ணு அறுக்கட்டுமா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.